அக்கா பிளந்த விறகு

பதினோரு வயதில் நான் என் வலது காலைக் கோடாலியால் வெட்டிக்கொண்டேன். அதாவது, வெட்டிக்கொண்டதாக வீட்டை நம்பவைத்தேன். முதல் நாள் முழுக்க ஒழுங்காக நொண்டியவன், மறுநாள் தூங்கி எழுந்த மயக்கத்தில் இடது காலால் நொண்டினேன். மத்தியானம் சோற்றுக்கு உட்காரும்போதுதான் கட்டு வேறு காலில் இருப்பதைப் பார்த்தேன். வேறு யாரும் பார்க்கவில்லை. அதற்கு என் சாமர்த்தியம் காரணமில்லை. தறி ஓடுகிற வீட்டில் பகல் வேளையில் யார் காலை யார் பார்ப்பது?

சிரித்துக்கொள்ளுங்கள். இதுவரைக்கும் சிரிக்கலாம்.

நம் வயதுக்காரர்களுக்கு விறகைப் பற்றி நான் பாடம் எடுக்க வேண்டாம். ஊதுகுழல் ஊதிக் கண் எரிந்தவர்கள்தான் எல்லோரும். என் பேரனுக்கு விறகு என்றால், காட்டில் கூடாரம் போட்டவர்கள் சுற்றி உட்கார்ந்து கிடார் வாசிப்பதற்கு எரிக்கிற ஒன்று. அதை யாரோ பிளக்க வேண்டும் என்பதே அவனுக்குச் செய்தி. “ஏன் தாத்தா, கடையில கட் பண்ணித் தரமாட்டாங்களா?” என்றான். நியாயமான கேள்வி. அந்த வயதில் எனக்கும் அதே சந்தேகம் இருந்தது.

பிள்ளையார்பாளையத்தில் எங்கள் வீடு ரயில் பெட்டி மாதிரி நீளம். தெருப்பக்கம் தறி, நடுவில் நாங்கள், கடைசியில் கிணறும் விறகும். சித்திரை பிறந்து வெயில் ஏறியதும் விறகுத் தொட்டி, அதாவது விறகுக் கடை, வைத்திருந்த பாய் வண்டியோடு வருவார். தெருவே அவரைத் தொட்டி பாய் என்றுதான் கூப்பிடும். மூன்று வகை மரம் இறங்கும். சட்டென்று பற்றிச் சட்டென்று தீர்ந்துபோகிற சவுக்கு, சோறு பொங்க. நின்று எரிகிற வேலிகாத்தான், மழைக்காலத் தணலுக்கு. இரும்பு மாதிரி நாலைந்து புளியங்கட்டை, பண்டிகைக்கு. இறக்கிய அன்றைக்குக் கொல்லைப்புறம் முழுக்க ஒரு வாசனை இருக்கும். பச்சையும் புளிப்புமாக, இப்போதுதான் மாங்காய் கடித்த குழந்தை பக்கத்தில் வந்து மூச்சுவிட்ட மாதிரி.

பிளக்கிற வேலை என்னுடையது. அப்பா கோடாலியைத் தொடமாட்டார். பட்டு தொடுகிற கை காய்த்துப்போனால் இழை சிக்கும், பிசிறு எழும்பும். அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கரை இழைக்கு நாடாக்கட்டையை ஓட்டிய அம்மாவும் தொடமாட்டாள். அக்காவுக்கு அப்போது பதினாறு. அவள் கையையும் வீட்டில் பத்திரமாகத்தான் வைத்திருந்தார்கள். வீட்டில் எதற்கும் உதவாத கை என்னுடையது ஒன்றுதான். அதனால் கோடாலி எனக்கு வந்தது.

நான் அடித்தால் கட்டை பிளக்காது, எகிறும். ஒருமுறை எகிறிய கட்டை கிணற்றில் விழுந்தது. அதை எடுக்கப் பாதாளக்கரண்டியை இறக்கினேன், கயிறு கைநழுவி அதுவும் போய்ச் சேர்ந்தது. எங்கள் தாத்தா காலத்துப் பாதாளக்கரண்டி. கிணற்றையே தூர்த்துவிட்டார்கள், இன்னும் அடியில்தான் இருக்கிறது.

அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். தறியில் நீளவாக்கில் இழுத்துக் கட்டிய இழைகளைப் பாவு என்போம். ஒரு பாவு நெய்து முடிகிற சமயத்தில், பழைய பாவின் இழை நுனியோடு புதுப் பாவின் இழை நுனியை ஒவ்வொன்றாகச் சேர்க்க வேண்டும். ஆயிரக்கணக்கில் இழை. முடிச்சுப் போடக்கூடாது. விரலில் சாம்பலைத் தொட்டுக்கொண்டு ஒரு முறுக்கு, அவ்வளவுதான், பிடித்துக்கொள்ளும். பிணைக்கிறது என்போம். அக்கா பிணைத்தால் எங்கே சேர்த்தாள் என்று அப்பாவே தடவித் தேடுவார். பக்கத்துத் தெருவிலிருந்தெல்லாம் வந்து அழைத்துப்போவார்கள். அந்த வருஷம் அப்பா அவளுக்கு ஒரு வாக்குக் கொடுத்திருந்தார். கார்த்திகையில் வரப்போகிற பெரிய பாவை அவள் ஒருத்தியாகவே பிணைத்து முடித்தால், தை மாசம் அவளுக்குத் தனியாக ஒரு தறி. ஆனி மாசமே தெருப்பக்கத்து அறையில் இன்னொரு தறிக்குழி வெட்டியாகிவிட்டது. அக்கா அதைத் தினமும் கூட்டுவாள். வெறும் குழி. அதில் என்ன குப்பை சேரும்? ஆனாலும் கூட்டுவாள். சில சமயம் இறங்கி உட்கார்ந்து, இல்லாத மிதியைக் காலால் மிதித்துப் பார்ப்பாள்.

ஆடி மாசம் எனக்கு விறகு அலுத்துவிட்டது. தெருவில் பசங்கள் பட்டம் விட்டுக்கொண்டிருந்தார்கள். பக்கத்து வீட்டில் சாயம் போடுகிற மாமா அரக்குச் சாயம் காய்ச்சி ஆறவைத்திருந்தார். அம்மாவின் பழைய புடவைக் கிழிசலை அதில் தோய்த்துக் காலில் சுற்றிக்கொண்டு, கோடாலியைப் பக்கத்தில் போட்டு, வீறிட்டேன்.

அப்பா தறியை விட்டு எழுந்து ஓடிவந்தது எனக்குத் தெரிந்து அந்த ஒரு தடவைதான். என் முகத்தைப் பார்க்கவில்லை. காலைத்தான் பார்த்தார்.

“மிதிக்கிற கால்டா இது. மிதிக்கிற கால்,” என்றார்.

அம்மா கட்டைப் பிரிக்க வந்தாள். நான் போட்ட கூச்சலில் பயந்து துணிக்கு மேலேயே மஞ்சளை அப்பினாள். ரத்தம் காய்ந்தால் கறுக்க வேண்டும். என் ரத்தம் பத்து நாளும் கல்யாணப் புடவைக் கரை மாதிரி பளபளவென்று இருந்தது. சாய மாமா சரக்கு அப்படி.

“இப்போதைக்கு இவன் கோடாலியத் தொடக்கூடாது,” என்றார் அப்பா. “கால் ஆறற வரைக்கும் நீ பாத்துக்கோம்மா. ஒரு மாசந்தான். பாவு வர்றதுக்கு இன்னும் நாளிருக்குது, கை சரியாயிடும்.”

அக்கா என்னைப் பார்த்துச் சிரித்தாள். “டேய், வெட்டத் தெரியலன்னா சொல்ல வேண்டிதுதானே. கால எதுக்குடா வெட்டிக்கினே?”

பத்தாம் நாள் அப்பா, “நாளைக்கு ஆஸ்பத்திரிக்குப் போய் ஊசி போட்டுக்கினு வந்துடலாம்,” என்றார். ஊசி என்ற சொல் காதில் விழுந்த நிமிஷம் எனக்குக் கால் ஆறிவிட்டது. கட்டை அவிழ்த்து, குதித்தே காட்டினேன். “ஆறிடுச்சுப்பா. சின்னக் காயந்தான்.” தழும்புகூட இல்லையே என்று அம்மா ஆச்சரியப்பட்டாள். சின்ன வயசு, நல்ல சதை என்றார் அப்பா.

அன்றைக்கே அக்கா கோடாலியை நீட்டினாள். “ஆறிடுச்சா? இந்தா, உன் சொத்து.”

“மேலதான் ஆறியிருக்குதுக்கா. உள்ள வலிக்குது. ஓங்கி அடிச்சா சுருக்குங்குது,” என்றேன். “அப்பாகிட்ட சொல்லாத, ஊசின்னுவாரு.”

அவள் சொல்லவில்லை. கோடாலியைத் திரும்ப எடுத்துக்கொண்டாள்.

இதுதான் என் ஏற்பாடு. அப்பாவுக்கு ஆறிய கால், அக்காவுக்கு ஆறாத கால். இரண்டு காலையும் ஒரே உடம்பில் வைத்துக்கொண்டு நான் பட்டம் விட்டேன்.

ஆவணி, புரட்டாசி இரண்டு மாசமும் கொல்லைப்புறத்தில் அக்கா கோடாலி சத்தம் கேட்டது. முதல் வாரம் அவளும் என்னைப் போலத்தான் கட்டையை எகிறவிட்டாள். அப்புறம் கட்டையைச் சுற்றிச் சுற்றி வந்து பார்க்க ஆரம்பித்தாள். இழை பார்க்கிற கண் அது. மரத்திலும் இழை ஓடுகிறது, கணு இருக்கிற இடத்தில் சுழன்று போகிறது என்று கண்டுபிடித்துவிட்டாள். கணுவை விட்டு ஒரு விரல் தள்ளி அடிப்பாள். கட்டை சத்தமே போடாமல் இரண்டாக விழும். உள்ளே வெளிர்சிவப்பாக, ஈரமாக, யாரும் அதுவரை பார்க்காத ஒரு பக்கம். அதை எனக்குக் காட்டிச் சிரிப்பாள். அந்தச் சிரிப்பை அப்பா இரண்டொரு தடவை பார்த்திருக்கிறார். அதுதான் பின்னால் வினையாகப் போயிற்று.

புரட்டாசிக் கடைசியில் இன்னொரு வண்டி விறகு இறக்க வந்த தொட்டி பாய் நின்று பார்த்தார்.

“அரே பேட்டா, என் தொட்டியில நாலு ஆளு வச்சிருக்கேன். ஒருத்தனுக்கும் இந்த வெட்டு வராது.”

“அப்ப நாலு பேரயும் நிறுத்திட்டு என்ன வச்சுக்குங்க பாய்.”

“வச்சுக்கலாம். உங்கப்பா என் தாடியப் பிச்சுடுவாரு.” சிரித்தவர் அவள் கையைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார். “கையப் பாத்துக்கம்மா. பட்டு வூட்டுக் கை. தேங்காண்ணெ தடவறியா?”

“தடவறேன் பாய். தம்பிக்குக் கால் சரியானா விட்டுடுவேன்.”

பாய் திரும்பி என்னைப் பார்த்தார். நான் அப்போது கிணற்றுச் சுவர்மேல் ஏறி, மாமரத்தில் மாட்டிய பட்டத்தை எம்பி எம்பி எடுத்துக்கொண்டிருந்தேன். அவர் அடுத்த கட்டையை இறக்கப் போனார். இன்னொருத்தர் வீட்டு விஷயம்.

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. உங்களுக்குத் தெரியும், மழைக்காலம் தறிக்காரனுக்கு எமன். குழியில் ஈரம் ஊறும். காற்றிலுள்ள நசநசப்பு ஏறிப் பட்டு ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். அதற்குக் கும்பட்டியில் தணல் போட்டுப் பாவுக்குக் கீழே வைப்பார்கள். புகை வரவே கூடாது. புகை பட்டால் ஜரிகை கறுத்துவிடும். வேலிகாத்தானை மெலிசாகப் பிளந்து, கொல்லைப்புறத்தில் முழுசாக எரியவிட்டு, கடைசிப் புகையும் போன பிறகு சிவந்த தணலை மட்டும் அள்ளிக்கொண்டு வரவேண்டும். தெருவில் பாதித் தறி நின்றுபோன அந்த ஐப்பசியில் எங்கள் தறி ஒரு நாளும் நிற்கவில்லை. நிற்காமல் வைத்தவள் அக்கா. தலையில் கோணியைப் போட்டுக்கொண்டு மழையில் போய்ப் பிளப்பாள். அப்பா தறியில் உட்கார்ந்தபடியே, “தணல்” என்பார். தணல் வரும். எங்கிருந்து வருகிறது என்று அவர் திரும்பிப் பார்த்த ஞாபகம் எனக்கில்லை.

கார்த்திகை பிறந்து பத்து நாளில் பாவு வந்தது.

அக்கா தலைக்குக் குளித்து, சாமி கும்பிட்டு, சாம்பல் கிண்ணத்தோடு உட்கார்ந்தாள். அப்பா எதிரில். நான் நடுக்கூடத்தில் பொரி தின்றுகொண்டிருந்தேன். முதல் இழையை எடுத்தாள். விரலில் ஒட்டிக்கொண்டு வந்தது. உதறினாள். இரண்டாவது இழை நடுவில் பிசிறு எழும்பி அறுந்தது. மூன்றாவது. நாலாவது. புடவை முந்தானையில் கையைத் துடைத்தாள், சாம்பலை மாற்றினாள், வெளிச்சம் போதவில்லை என்று கதவைத் திறந்தாள். பத்து இழைக்கு ஆறு அறுந்தது. அப்பா மத்தியானம் வரை பார்த்தார். பிறகு எழுந்து வந்து அவள் கையைத் திருப்பினார். விரல் அடியில் வரிசையாகக் காய்ப்பு. ஆள்காட்டி விரல் பக்கம் வெடித்து, வெடிப்பில் சாம்பல் அடைந்திருந்தது.

“என்ன கைம்மா இது?”

“வெறகு வெட்டின கைப்பா.”

“ஒரு மாசம் வெட்டச் சொன்னேன். ஆவணியோட முடிஞ்சுது.”

“தம்பிக்குக் கால் சரியாவல. நான் வெட்டாம வேற யாரு வெட்டுவா?”

“கால் சரியாவலயா?” அப்பாவுக்குப் புரியவில்லை. “அவன் பத்து நாள்ல குதிச்சுக்கினு இருந்தான். நான்தான பாத்தேன்.”

“உள்ள வலிக்குதுன்னு சொன்னான்பா. இன்னிக்கு வரைக்கும் சொல்றான்.” என் பக்கம் திரும்பினாள். கோபமே இல்லை. சாட்சிக்குக் கூப்பிடுகிற முகம். “சொல்லுடா.”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். வாயில் பொரி. அப்பாவின் கை எங்கே இருக்கிறது, சுவரில் சாத்திய முழக்கோல் எங்கே இருக்கிறது, இரண்டுக்கும் நடுவில் எவ்வளவு தூரம் என்று கணக்குப் போட்டேன். பள்ளிக்கூடத்தில் ஒரு நாளும் நான் அவ்வளவு வேகமாகக் கணக்குப் போட்டதில்லை.

“நான் எப்பக்கா சொன்னேன்?” என்றேன்.

சிரிக்கலாம் என்று ஆரம்பத்தில் சொன்னது நொண்டியதை. இதற்கு அது பொருந்தாது.

அப்பாதான் பேசினார், மெதுவாக, அறுந்த இழைகளைப் பொறுக்கிக்கொண்டே. “தறி மேல ஆசை இருக்கறவ கையக் காப்பாத்திக்கினு இருப்பா. உனக்கு வெறகு வெட்டறதுதான் புடிச்சிருக்குது. சிரிச்சுக்கினு வெட்டறத நானே பாத்தேன். சரி, போவட்டும். அத என்கிட்ட சொல்லியிருந்தா நான் ஒண்ணும் சொல்லியிருக்கமாட்டேன். சின்னப் பையன் மேல பழியப் போட்டு எதுக்கும்மா பொய் சொல்றே?”

அம்மா ஏதோ சொல்ல வந்தாள். அப்பா கையைக் காட்டி நிறுத்தினார். பாவைப் பிணைக்கப் பக்கத்துத் தெருவிலிருந்து ஆள் வந்தது.

காய்ப்புக் கையை ஒரு மாசம் சும்மா விட்டால் தானாக உரிந்து சரியாகிவிடும். இது நம் ஊரில் எல்லோருக்கும் தெரியும். அப்பாவுக்கும் தெரியும். அந்த ஒரு மாசத்தை யாரும் அவளுக்குக் கொடுக்கவில்லை. கைக்காக இல்லை, பொய்க்காக.

மார்கழியில் விடிந்ததும் அவள் கிணற்றடியில் உட்கார்ந்து உள்ளங்கையைத் துவைக்கிற கல்லில் தேய்ப்பாள். தயிர் தடவுவாள், எண்ணெய் தடவுவாள். பிறகு ஜாக்கெட்டுக்குள்ளிருந்து ஒரு கழிவுப் பட்டு இழையை எடுத்து, ஒரு நுனியைப் பல்லில் கடித்துக்கொண்டு, உள்ளங்கைமேல் மெதுவாக இழுத்துப் பார்ப்பாள். சிக்கும். இழையைச் சுருட்டி உள்ளே வைத்துக்கொண்டு கோடாலியை எடுப்பாள். நான் பல் தேய்க்கிற சாக்கில் தினமும் இதைப் பார்த்தேன். என்னோடு அவள் பேசுவதை நிறுத்தவில்லை. “டேய், சாப்பிட வா”, “டேய், சட்டைய மாத்து.” அதுதான் தாங்க முடியாததாக இருந்தது. அடித்திருந்தால் பதிலுக்கு அழுதிருப்பேன், அழுதால் உண்மை வெளியே வந்திருக்கும்.

ஒரு நாள் இழை சிக்காமல் போயிற்று. இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை. மறுபடி இழுத்தாள். மறுபடியும் போயிற்று. அப்படியே உட்கார்ந்திருந்தாள், உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டு. உள்ளேயிருந்து அம்மா, “பொங்கலுக்கு அந்தப் புளியங்கட்டையப் பொளந்து போட்டுடும்மா, காயட்டும்,” என்று குரல் கொடுத்தாள். புளியங்கட்டை லேசில் பிளக்காது என்று நம் எல்லோருக்கும் தெரியும். “நான் பொளக்கறேன்” என்று நான் எழுந்திருக்க வேண்டிய இடம் அது. எழுந்தேன். வாய் கொப்பளிக்கப் போனேன்.

தை பிறந்ததும் அந்தக் குழியில் தறி வந்தது. என்னை உட்காரவைத்தார்கள். கால் மிதிக்கு எட்டவில்லை. மிதிமேல் ஒரு கட்டையை வைத்துக் கட்டினார்கள். கட்டையை அளவாகச் செதுக்கிக் கொடுத்தது அக்காதான்.

அடுத்த வைகாசியில் அவளை முசரவாக்கத்தில் கொடுத்தார்கள். மாடு, நிலம் உள்ள வீடு. அத்தான் நல்ல மனுஷர். தறி இல்லாத வீடாகப் பார்த்துக் கொடுத்ததாக அப்பா பெருமையாகச் சொல்லிக்கொண்டார், அவளுக்குப் பிடிக்காததை அவள் தலையில் கட்டவில்லை என்று. நான் எட்டு வருஷம் நெய்தேன். என் புடவையில் இருக்கிற குறையெல்லாம் புது மோஸ்தர் என்று நினைத்து ஒரு அம்மாள் ஆசையாக வாங்கிப்போனார்கள், அது ஒன்றுதான் என் சாதனை. அப்புறம் புடவைக் கடையில் மடித்து வைக்கிற வேலைக்குப் போய், மற்றவர்கள் நெய்ததை முப்பது வருஷம் மடித்தேன். அப்பா கடைசியாகப் படுத்திருந்தபோது அக்கா வந்து பதினைந்து நாள் கூட இருந்தாள். வெந்நீர் வைத்து உடம்பு துடைத்துவிட்டாள். அந்தப் பதினைந்து நாளும் நான் அதே வீட்டில்தான் இருந்தேன். சொல்லவில்லை.

போன மாசம் என் பேத்திக்குக் கல்யாணம். முகூர்த்தப் புடவையைத் தட்டில் வைத்துப் பெண்களெல்லாம் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பேத்தி ஓடிப்போய் அக்கா மடியில் வைத்தாள். “அத்தப்பாட்டி, தொட்டுப் பாருங்க, எவ்ளோ சாஃப்ட்டா இருக்குதுன்னு.”

அக்கா இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனாள். “என் கை வேணாம்மா. இழுத்துடும்.”

நாலு நாள் கழித்து ஷேர் ஆட்டோ பிடித்து முசரவாக்கம் போனேன். வெறுங்கையோடு போகக் கூசி ஒரு டப்பா ஜாங்கிரி வாங்கிக்கொண்டேன். அக்கா கூடத்தில் முறத்தை வைத்துக்கொண்டு வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தாள்.

“சக்கர வியாதிக்காரிக்கு ஜாங்கிரி வாங்கினு வந்துகிறான் பாரு. இன்னும் புத்தி வரலியாடா உனக்கு?”

“வரலக்கா.”

“உக்காரு. டீ போடச் சொல்றேன்.”

“வேணாங்க்கா. ஒண்ணு சொல்லணும்.”

சொன்னேன். சாயத்திலிருந்து ஆரம்பித்து, பட்டம், ஊசி, உள்வலி எல்லாவற்றையும். வழக்கம்போல நடுவில் ஒரு வேடிக்கை சேர்க்கலாம் என்று வாய் போயிற்று, ஒன்றும் வரவில்லை. பொரி தின்றுகொண்டே அன்றைக்கு நான் சொன்ன அந்த ஒரு வரியையும் சொன்னேன். “நீ பொய் சொல்லலக்கா. நான்தான் சொன்னேன்,” என்றேன்.

அவள் உரிப்பதை நிறுத்தவில்லை. இரண்டு கடலை, மூன்று கடலை. முறத்தில் தோல் சேர்ந்ததை ஊதினாள். பிறகு கையை மடியில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

“அப்பா இருக்கறப்ப சொல்லியிருக்கணும்.”